மொட்டைப் பாறையில் கடைசி ஆட்டம்

அரச சேவையில் பதில் கடமை பார்த்திருக்கிறேன். பதில் கையொப்பம் வைத்திருக்கிறேன். மேலதிகாரி வராத விழாவில் அவருக்கு விழவேண்டிய மாலையையும் ஒருமுறை கழுத்தில் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஓர் ஆங்கிலேயக் கால்பந்துக் கழகத்துக்காகப் பதில் காப்புக் கட்டிக்கொண்டது ஓய்வுபெற்ற பிறகுதான்.

கழகத்தின் பெயரை எழுதக் கூடாது என்பது மருமகன் ரவியின் நிபந்தனை. அவன் அங்கே சம்பளம் வாங்குகிறவன் என்பதால் ஏற்றுக்கொள்கிறேன். இங்கிலாந்தின் வடக்கே, மழை நிற்பதே செய்தியாகிவிடும் ஒரு சிறு பட்டணத்தின் கழகம் அது. மைதானத்துப் புல்லுக்குப் பொறுப்பு ரவி. றக்வானவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் கிரிக்கெட் மைதானம் ஒன்றில் தொழில் பழகி, அங்கே போனவன். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரின் மகளான என் கௌரி அவனைத் தேடிக்கொண்டது தனிக் கதை. அதைச் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை.

கழகம் நான்காம் பிரிவில் ஆடுகிறது. அதற்குக் கீழே போனால் உலகமே இல்லை என்பதுபோல் அந்த ஊரார் பேசுவார்கள். தாத்தாக்கள் காலத்திலிருந்து கீழே இறங்காத கழகம், இந்தப் பருவத்தில் கிறிஸ்மஸ் வரை ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. அதன் வரலாற்றிலேயே இவ்வளவு மோசமான தொடக்கம் இல்லையாம். உள்ளூர்ப் பத்திரிகை இரங்கல் எழுதத் தொடங்கிவிட்டது. கழகம் இறங்கினால் ஆட்குறைப்பு. ஆட்குறைப்பில் முதலில் போவது புல் வெட்டுகிறவன். வேலை போனால் விசா போகும். விசா போனால் ரவி, கௌரி, என் பேத்தி மூவரும் பெட்டி கட்ட வேண்டும். இதையெல்லாம் நான் ஆறு மாத விசிட் விசாவில் அவர்கள் வீட்டுச் சோபாவில் இருந்து கவனித்தேன்.

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் ரவியின் தாயார், என் சம்பந்தியம்மா பாக்கியம், தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். கழகம் பிழைத்தால் மே மாதத் திருவிழாவில் மகன் பெயரில் காப்புக் கட்டிக் கரகத்தோடு நடப்பதென்று. அடுத்த சனிக்கிழமை கழகம் வென்றது. அதற்கடுத்ததும். ரவி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதை உடுப்புப் பொறுப்பாளரிடம் சொல்ல, அவர் ஆட்டக்காரர்களிடம் சொல்ல, பெப்ரவரியில் நான் ரொட்டி வாங்கப் போன கடையில் ஒரு வெள்ளைக்காரி, “உங்கள் சம்பந்தி நலமா?” என்று விசாரித்தாள்.

கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டது. சமநிலையில் முடித்தாலே போதும். ஆனால் திருவிழா அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு முதல்நாளே தொடங்குகிறது. வேலை முடியாமல் கொடுப்பனவு செய்வது நிதிப் பிரமாணத்துக்கு முரண் என்றேன்.

“அப்பா, இது உங்கட கச்சேரி ஒஃபீஸ் இல்லை. ரவிக்கு லீவு இல்லை. உங்கட விசாவும் முடியுது. ஒருக்காப் போய்க் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போங்கோவன்” என்றாள் கௌரி.

போனேன்.

வியாழக்கிழமை மதியம் கொழும்பில் றக்வான போகும் பஸ்ஸில் ஏறினேன். றக்வான இருக்கும் சப்ரகமுவ மாகாணம் எனக்குப் புதிதல்ல. கேகாலைக் கச்சேரியில் நீண்ட காலம் காணிப் பகுதியில் இருந்தவன். ஆனால் ஆறு மாதம் இங்கிலாந்து பஸ்ஸில் போய்ப் பழகியவனுக்கு இந்த பஸ் ஒரு மறுபயிற்சிதான். அங்கே பஸ்ஸில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இங்கே என் பயணப்பையில் என்ன இருக்கிறது என்பது மூன்றாவது தரிப்பிடத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கழகத்தார் அம்மனுக்கென்று கொடுத்தனுப்பிய மஞ்சள் நிறக் கழுத்துத் துண்டு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கைப் பெண் அதைத் தொட்டுப் பார்த்து, கம்பளி நல்லதுதான், ஆனால் இந்த வெயிலில் யார் போடுவார் என்று சிங்களத்தில் கேட்டாள். அம்மன் என்றேன். அப்படியானால் சரி என்றாள்.

பின் இருக்கையில் இருவர் மாணிக்கக் குழி பற்றிச் சிங்களத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“இந்தக் குழியில் கட்டாயம் இருக்கும்.”

“போன குழிக்கும் அதைத்தான் சொன்னாய்.”

“போன குழியில் தண்ணீர் வந்துவிட்டதே. தண்ணீர் வராமல் இருந்திருந்தால் பார்த்திருப்பாய்.”

அந்த ஊர் மைதானத்தில், எனக்கு முன் வரிசையில் இருந்த கிழவர்கள் கோல்காப்பாளரைப் பற்றி இதே தொனியில்தான் பேசினார்கள்.

மேட்டு வளைவு ஒன்றில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. சாரதி இறங்கி, முகப்பைத் திறந்து, ஆவி அடங்கும்வரை பார்த்துவிட்டு, எதிரே இருந்த கடையில் தேநீர் குடிக்கப் போனார். இங்கிலாந்தில் ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். ஆனால் ரயில் வராது. இங்கே மன்னிப்பு இல்லை. சாரதி எனக்கும் ஒரு தேநீர் சொன்னார். பஸ் இருட்டுமுன் போய்ச் சேர்ந்தது.

றக்வானக் கடைத்தெருவில் சமன் முச்சக்கரவண்டியுடன் நின்றான். தோட்டத்துப் பாதையில் ஓடும் ஒரே முச்சக்கரவண்டி அவனுடையது. ரவியோடு பள்ளிக்கூடத்தில் பந்து உதைத்தவனாம்.

“மஹத்தயா, சனிக்கிழமை என்னவாகும்?” என்று வண்டியை எடுக்குமுன்பே சிங்களத்தில் கேட்டான்.

“யாருக்குத் தெரியும்?”

“பாக்கியம் அம்மா பாறையில் இருந்தால் தோற்காது. நானே பார்த்திருக்கிறேன்.”

என்ன பாறை என்று கேட்டேன். அப்போதுதான் முழு ஏற்பாடும் எனக்கு விளங்கியது. தோட்டத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது, மலை மறைக்கிறது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு மேலே, தேயிலை முடியும் இடத்தில் மொட்டைப் பாறை என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஏறினால் மட்டும் கிடைக்கும். கிறிஸ்மஸிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பாக்கியம் அதில் ஏறி, போனைக் காதில் வைத்து, ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். மறுமுனையில் கௌரி பார்வையாளர் வரிசையில் இருப்பாள். ஆட்டக்காரர்கள் களமிறங்குமுன், அம்மா லைனில் இருக்கிறாரா என்று உடுப்புப் பொறுப்பாளர் ரவியிடம் கேட்பாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை. கிறிஸ்மஸுக்கு முன் ஒருமுறை மைதானத்துக்குப் போனதோடு சரி, அதன்பின் ஆட்ட நாட்களில் என்னை வீட்டில் விட்டு மூவரும் போவார்கள்.

பாக்கியம் லயத்து வாசலில் நின்றார். நெடிய மனுஷி. கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. “வாங்க சம்பந்தி, மெலிஞ்சு போயிட்டீங்களே! என்னா, மருமக சோறு போடலியா?” என்றார்.

“போட்டவ. ருசிதான் இல்லை.”

“அது எம் மகன் சமைச்சதா இருக்கும்” என்று சிரித்தார்.

ரொட்டி, கட்டச் சம்பல், பலாப்பிஞ்சுக் கறி. அங்கே ஆறு மாதமாக வெந்த உருளைக்கிழங்கைச் சமய அனுட்டானம்போல் சாப்பிட்டவனுக்குச் சம்பல் மூக்கிலும் கண்ணிலும் சேர்ந்து வேலை செய்தது.

வெள்ளி காலை கோவிலில் காப்புக் கட்டினார்கள். பூசாரி முத்தையா தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். மகனுக்குப் பதில் மாமனார் கட்டலாமா என்று முந்திய வாரமே கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். செல்லுமாம். சங்கல்பத்துக்குத் தெரிந்த விவரத்தைத் தானே சொல்லி, தெரியாததை என்னிடம் கேட்டார்.

“பேரு ரவிச்சந்திரன். நச்சத்திரம் திருவாதிரை. அடுத்து கழகத்துப் பேரையும் சொல்லுங்க ஐயா, அதுக்கும் சேத்துப் பண்ணிருவோம். நச்சத்திரம் தெரியுமா?”

கழகம் தொடங்கிய தேதி அதன் வாயிற்கதவில் பொறித்திருக்கிறது. முதல்நாள் இரவே பழைய பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப் பார்த்திருந்தேன். உத்தரட்டாதி என்றேன். பூசாரி மெச்சியதுபோல் தலையாட்டினார். மஞ்சள் கயிற்றை முதலில் என் மணிக்கட்டிலும், பிறகு பாக்கியத்தின் மணிக்கட்டிலும் கட்டினார். எங்களைத் தொடர்ந்து லயத்தில் அநேகமாக எல்லோரும் கட்டிக்கொண்டார்கள்.

“காப்புக் கட்டியாச்சு. இனி திருவிழா முடியிற வரைக்கும் யாரும் எல்லை தாண்டக் கூடாது. கவுச்சி கூடாது, செருப்புக் கூடாது” என்றார் பூசாரி.

செருப்பைக் கழற்றினேன். காலில் ஏறிக்கொண்ட அட்டைகள் இந்த விதியை வெகுவாக ஆதரித்தன.

பாக்கியம் கயிற்றைப் பார்த்தபடி நின்றார். பிறகு மலையைப் பார்த்தார். “முத்தையாண்ணே, மொட்டப் பாற எல்லைக்கு உள்ளயா வெளியவா?” என்று மெல்லக் கேட்டார்.

எல்லோரும் மலையைப் பார்த்தார்கள்.

திருவிழாவுக்கு நாள் பார்த்தது பஞ்சாங்கத்தில். கால்பந்து அட்டவணையை ஒருவரும் பார்க்கவில்லை. கழகத்துக்காகவே காப்புக் கட்டி, கழகத்துக்காகப் பாறையில் ஏறவேண்டிய ஒரே மனுஷியைத் தோட்டத்துக்குள் பூட்டிவிட்டார்கள்.

“வெளிய” என்றார் பூசாரி.

“எல்லை கட்ட எலுமிச்சம்பழம் புதைச்சது பாறைக்கு இந்தப் பக்கந்தானே” என்றது ஒரு குரல்.

இங்கேதான் என் அனுபவம் பயன்படும் என்று நினைத்தேன். நிலஅளவைப் படங்களோடு வாழ்ந்தவன் நான். தோட்டத்தின் சட்டபூர்வ எல்லை எல்லைக்கல்லில் இருக்கிறது, எலுமிச்சம்பழத்தில் இல்லை என்று விளக்கினேன். மேலே ஏறிப் பார்த்தோம். எல்லைக்கல் இருந்தது. அதுவும் பாறைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது, பழம் புதைத்த இடத்தைவிடக் கீழே.

“ஐயா சொன்னா நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐயா எல்லைய நீங்களே சின்னதாக்கிட்டீங்க” என்றார் பூசாரி.

சமனை அனுப்பலாம் என்றார்கள். அவனுக்குக் காப்பு இல்லை. அவன் ஓடிவந்து கோல் கணக்கைச் சொல்லலாம். பாக்கியம் தலையை அசைத்தார். “கணக்குத் தெரிஞ்சு என்னா பண்ண? நா லைன்ல இருக்கேனான்னு அந்தப் புள்ளைங்க கேப்பாங்க. இல்லேன்னு ரவி சொல்லணுமா?”

காப்பை அவிழ்த்துவிட்டால் என்ன என்று கேட்க நான் வாயெடுத்தேன். பூசாரி என்னைப் பார்த்த பார்வையில், நேரம் என்ன என்று கேட்டு முடித்தேன்.

அன்று மாலை அடுப்படியில் பாக்கியம் கிதுள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தார். எனக்கும் ஒரு துண்டு தந்தார். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. எந்த மனுவிலும் மனுதாரரின் நலன் எந்தப் பக்கம் என்று பார்ப்பது என் பழக்கம். ரவி ஊர் வந்து ஆறு வருடம். பேத்தியை இவர் போனில்தான் பார்த்திருக்கிறார். கழகம் விழுந்தால் நட்டம் எல்லோருக்கும். ஒருவருக்கு மட்டும் வீடு நிறையும்.

“சம்பந்தியம்மா, குறை நினையாதேங்கோ. தோத்தா அவங்கள் இங்க வந்திடுவாங்கள் எல்லே?” என்றேன்.

அவர் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

“ஒரே ஒரு வாரம் அப்பிடிக் கேட்டேங்க” என்றார். “மார்ச்சு மாசம். பாறையில ஒக்காந்திருக்கேன். புள்ள சிரிக்கிற சத்தம் போன்ல கேட்டுச்சு. ஆத்தா, தோத்துத் தொலையட்டும், எல்லாரும் வந்துரட்டும்னு வாயில வந்துருச்சு. அன்னைக்கு அஞ்சு கோல் வாங்கிட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

“அப்பறம் ரவி பேசினான். ‘அம்மா, நா புல்ல நல்லாத்தாம்மா வச்சிருந்தேன், ஏன் இப்பிடி ஆச்சு’ன்னான். அழுவுறானா என்னான்னு தெரியல. இங்க வந்தா என்னா, என் மூஞ்சிக்கு நேரா இருந்து அதே கொரல்லதானே பேசுவான்? அதையா நான் தெனமும் கேக்கணும்? அதோட விட்டுட்டேன். ஆத்தாகிட்ட மன்னாப்புக் கேட்டு, மறுபடி ஒழுங்கா வேண்டிக்கிட்டேன்.”

தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்தார். “அதுனாலதாங்க நாளைக்கு நா அங்க இருக்கணும். ஒருதரம் எறக்கி விட்டவ நான்.”

சனி காலை, எல்லோரும் கோவிலடியில் கரகம் சோடித்துக்கொண்டிருக்கையில், பாக்கியம் நேராகப் பூசாரியிடம் போனார்.

“அண்ணே, கரகம் இன்னைக்கு எங்கெங்க போவுது?”

“மேல் லயம், கீழ் லயம், பேர் கூப்பிடுற பெரட்டுக் களம், தொழிற்சாலை. வழமதானே?”

“சாமி எல்லை தாண்டலாமா?”

“சாமிக்கு என்னாம்மா எல்லை? சாமி போற எடந்தான் எல்லை.”

“அப்ப பாறைக்குத் தூக்குங்க. சாமி பின்னாடி நாங்க வர்றோம்.”

என் நெடுநாள் சேவையில், ஓர் அதிகாரி தன் வாக்குமூலத்தாலேயே இவ்வளவு சுத்தமாக மாட்டிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. பூசாரி என்னைப் பார்த்தார். முன்னுதாரணம் இல்லை, ஆனால் தடையும் இல்லை என்றேன்.

ஒரு தடை இருந்தது. பாறை வனத்துறைக் காணி. ஊர்வலம் போக அனுமதி வேண்டும். அது யாரிடம், எந்த ஒழுங்கில், எத்தனை நாள் முன்னதாகக் கேட்கப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில் அடுத்த பருவத்துக்குத்தான் கிடைக்கும். சமனோடு எல்லை வரை போய், அதற்கு அப்பால் தன் வீட்டு வாசலில் நின்ற காட்டுக் காவலரைக் கூப்பிட்டேன். பிரிவு, உபபிரிவு என்று நான் சிங்களத்தில் தொடங்கினேன். சமன் என்னை மறித்து இரண்டு வாக்கியத்தில் சொன்னான். காவலர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

“எத்தனை மணிக்கு? அம்மன் நம் பக்கம் வந்ததே இல்லை. மனைவியையும் கூட்டி வருகிறேன். நெருப்பு மட்டும் வேண்டாம்.”

அங்கே நண்பகலில் தொடங்கும் ஆட்டம் இங்கே நாலரைக்கு. தப்புப் பறை அடித்துக்கொண்டு கரகம் தேயிலைக்கு நடுவே ஏறியது. கரகத்தின் கழுத்தில் கழகத்தின் மஞ்சள் துண்டைச் சுற்றியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அதற்கென்றே நெய்ததுபோல் இருந்தது. எலுமிச்சம்பழம் புதைத்த இடத்தில் பூசாரி நின்று, கற்பூரத்துக்குப் பதில் ஒரு கும்பிடு போட்டு, வலதுகாலை எடுத்து வைத்தார். எல்லோரும் அதே காலை எடுத்து வைத்தோம்.

பாறையில் கரகத்தை இறக்கினார்கள். அதன் பக்கத்தில் பாக்கியம் உட்கார்ந்தார். போனை ஒலிபெருக்கியில் போட்டோம்.

“மாமி, வந்திட்டீங்களா?” கௌரியின் குரல். “இஞ்ச எல்லாரும் கேக்கினம். அது என்ன சத்தம்?”

“தப்பும்மா. ஆத்தாவும் வந்திருக்கா.”

கௌரி யாரிடமோ ஆங்கிலத்தில் அதைச் சொல்வது கேட்டது. ஒரு பெருங்கூச்சல் எழுந்தது. ஆட்டம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் அடித்தது. தப்பு நின்றுவிட்டது. பாக்கியம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. காவலரின் மனைவி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்னருகே பூசாரி, “ஒண்ணு அடிச்சாப் போதுமில்ல? ஒண்ணுதானே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இரண்டாம் பாதி முழுக்கக் கௌரி சொன்னதெல்லாம் “ஐயோ”, “சீ”, “இல்லை இல்லை” மட்டுமே. இதைவிடத் தெளிவற்ற அறிக்கையை நான் எந்த அலுவலகத்திலும் ஏற்றிருக்க மாட்டேன். வெயில் சாய்ந்துவிட்டது. என் பேத்தியும் அவள் பொம்மைகளும் கொண்ட அந்தச் சின்ன வீட்டை நினைத்தேன். சுவரிலிருந்து படங்களைக் கழற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்துவிட்டு, நினைப்பை நிறுத்தினேன்.

பிறகு போனிலிருந்து மனிதக் குரல் என்று சொல்ல முடியாத ஓர் ஓசை வந்தது.

“அடிச்சாச்சு! மாமி, அடிச்சாச்சு! ஒண்டுக்கு ஒண்டு!”

தப்பு அதிர்ந்தது. சமன் காவலரைத் தூக்கினான். காவலர் அரச ஊழியர் என்பதை ஒரு கணம் இருவரும் மறந்தார்கள்.

“முடிஞ்சிருச்சா?” என்றார் பூசாரி.

“இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் சேத்துக் குடுப்பினம்” என்றேன்.

“எவ்வளவு?”

“நடுவருக்குத்தான் தெரியும்.”

“அது என்னாங்க ஞாயம்?”

எனக்கும் அதே கேள்விதான். ஒரு பட்டணத்தின் தலைவிதி தொங்கும்போது ஒரு மனிதன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தன் இஷ்டத்துக்கு முடிப்பான். அதற்கு மேன்முறையீடும் கிடையாது. பாக்கியம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கரகத்தின் அடியைத் தொட்டபடி கண்ணை மூடியிருந்தார்.

விசில் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை, கூச்சல்தான் கேட்டது. கௌரி அழுதாள். நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். கழகம் கீழே இறங்கவில்லை. அவ்வளவுதான். கிண்ணம் இல்லை, பதக்கம் இல்லை. இருபத்து நாலு கழகங்களில் கடைசிக்கு முன்னே முன்னே ஓரிடம். இவ்வளவு சந்தோஷத்தோடு யாரும் அந்த இடத்தைப் பிடித்திருக்க மாட்டார்கள்.

நெடுநேரம் கழித்து ரவி பேசினான். மூச்சு வாங்கினான்.

“அம்மா... பொழச்சிட்டோம்மா.”

“தெரியும்யா.”

“எல்லாரும் கிரவுண்டுக்குள்ள ஓடி வந்துட்டாங்கம்மா. ஆயிரக் கணக்குல. புல்லு பூரா மிதிச்சு நாசமாப் போச்சு. நாந்தான் ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.” சிரிக்கிறானா அழுகிறானா என்று பிரிக்க முடியவில்லை.

“போவட்டும்யா. சந்தோசமா மிதிக்கட்டும்.”

“லீவுல வரலாம்னு இருந்தேம்மா. இனி முடியாது. மறுபடி கொத்தி, வெத போட்டு, எல்லாம் மொதல்ல இருந்து பண்ணணும்.”

பாக்கியம் கரகத்து மஞ்சள் துண்டைச் சரிசெய்தார். தப்பு அடித்தவர்கள் கையை அமர்த்தினார்கள். நான் வேறு பக்கம் திரும்பி, பெயர் தெரியாத ஒரு மரத்தைக் கவனித்தேன்.

“அங்க புல்லு மொளைக்க எத்தன நாளாவும்யா?” என்றார்.

“ரெண்டு, மூணு வாரம் ஆகும்.”

“சரி. மொளச்சதும் வாங்க. மூணு பேரும்.”

மறுமுனையில் கூச்சல் மட்டும் கேட்டது. பிறகு, “சரிம்மா” என்றான்.

முளைத்த புல்லை வெட்ட வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும், விடுமுறைக்கு மூன்று இடத்தில் கையொப்பம் வாங்க வேண்டும், விசாவில் வெளியேறித் திரும்புவதற்கு விதிகள் இருக்கின்றன. எல்லாம் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.